கரைக்கு இருபது கஜம்: லூயிஸ் தீவில் ஏழு நாள்

ஆறு நாள் என்று கிளம்பி ஏழு நாளாக இழுத்துக்கொண்ட பயணம் இது. திரும்பி வந்து பத்து நாளாகியும் முழங்கால் வலி போகவில்லை, மனசிலிருந்தும் அந்த ஊர் இறங்கவில்லை. ராத்திரிகளில் போனில் தட்டி வைத்த குறிப்புகளைக் கொஞ்சம் சரிபண்ணி ஒவ்வொரு நாளாகப் போடுகிறேன். வருஷம் 2023.

போனதற்குக் காரணம் கிளாஸ்கோ ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே கடலுக்குள் கிடக்கிற லூயிஸ் தீவில் பிறந்தவர். போன டிசம்பர் 31 அன்று யார் வீட்டில் எங்கே கொண்டாட்டம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது அவரிடமும் கேட்டேன். "எங்கள் வீட்டில் அந்த ராத்திரியைக் கொண்டாடுகிற பழக்கம் இல்லை" என்றார். ஏன் என்றதற்கு ஒரு கப்பலின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். அந்தப் பெயரை வைத்துத் தேடி, 1919 புத்தாண்டு அதிகாலையில் அந்தக் கப்பல் லூயிஸ் கரையில் மோதி மூழ்கின கதையைப் படித்த அன்றைக்கு நான் சரியாகத் தூங்கவில்லை.

செப்டம்பர் 22, வெள்ளி. கடலில்

ஸ்காட்லாந்துக் கரையிலிருக்கிற அல்லாபூல் துறையிலிருந்து லூயிஸின் பெரிய ஊரான ஸ்டார்னோவேக்குக் கப்பலில் இரண்டே முக்கால் மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் கடல் குளம் மாதிரி இருந்தது. நாலரை பவுண்டு கொடுத்துப் பருப்பு சூப் வாங்கி, ரொட்டியை அதில் முக்கிச் சாப்பிட்டேன், நல்ல சூப், மிளகு மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டது. அப்புறம் மலைகளின் மறைவை விட்டு வெளியே வந்ததும் கப்பல் ஆட ஆரம்பித்தது. சூப் தங்கவில்லை. கழிவறையிலிருந்து முகம் வெளுத்துத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது எதிரே இருந்த பெரியவர் ஒன்றும் கேட்காமல் இஞ்சி பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடு, தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடு" என்றார். கேட்டது.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தாமல் பேசினார். ஆட்டு விலை, மகள் படிப்பு, இந்த வருஷம் மழை. ஸ்டார்னோவே துறைமுகத்துக்குள் நுழைகிற இடத்தில் இடது பக்கம் ஆர்னிஷ் கலங்கரை விளக்கம், அதைக் காட்டினார். வலது பக்கம் கரையை ஒட்டிக் கறுப்பாகச் சில பாறைகள், நுரை தள்ளிக்கொண்டிருந்தது. அதைக் காட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தார். கப்பல் அதைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார், அதுவும் ஆட்டைப் பற்றி. எனக்கு அது எந்தப் பாறை என்று தெரியும், ஆனால் கேட்க வாய் வரவில்லை.

தங்கின வீட்டு அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். கதவைத் திறந்ததும் என் நனைந்த பையை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். எழுத்தைப் பார்த்துப் படித்தபடி "அயோலேர்" என்றேன். "யோலரா" என்று மெதுவாகத் திருத்தினார். ஆபீஸ்காரர் சொன்ன கப்பலின் பெயர் அதுதான், இந்தத் தீவின் கேலிக் மொழியில் கழுகு என்று அர்த்தம். அதற்கு மேல் அவரும் ஒன்றும் பேசவில்லை, போர்வை போதுமா என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 23, சனி. ஹோம்

காலையில் தட்டில் வந்த கறுப்பு வட்டங்களைப் பார்த்ததுமே எனக்குச் சந்தோஷம். ஸ்டார்னோவேயின் ரத்த புட்டிங், ஓட்ஸும் கொழுப்பும் வெங்காயமும் சேர்த்துச் செய்வது, இந்த ஊர்ப் பெயரோடு விற்பதற்கு 2013 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் ஒதுக்கி வைத்துவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு ஒதுக்க என்ன இருக்கிறது? இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினேன். அந்த அம்மா முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு.

பஸ்ஸில் போய் இறங்கி மிச்சத்தை நடந்தேன். இடத்தின் பெயர் எழுத்தில் ஹோல்ம், டிரைவர் வாயில் ஹோம். வீடு என்று சொன்ன மாதிரியே காதில் விழுந்தது. சாலை முடிகிற இடத்திலிருந்து புல்வெளி வழியாக ஒரு பாதை. பாதையை விட்டு நாலு எட்டு விலகி போட்டோ எடுக்கப் போன இடத்தில் வலது கால் கணுக்காலுக்கு மேலே சேற்றில் இறங்கிவிட்டது. பார்க்கப் பச்சைப் புல், கீழே முழுக்க ஈரக் கரிமண். காலை இழுத்தால் ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. கையை விட்டுத் தோண்டி எடுத்தேன். அந்தக் குளிர்ந்த தண்ணீர் விரல்களை எப்படி மரத்துப்போக வைத்தது என்பது அன்று முழுக்க நினைவில் இருந்தது, அதுவும் இது செப்டம்பர்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1918 நவம்பரில் முதல் உலகப் போர் நின்றது. சுமார் 30,000 பேர் வாழ்ந்த இந்தத் தீவிலிருந்து 6,000 பேருக்கு மேல் போருக்குப் போயிருந்தார்கள், ஆயிரம் பேர் அளவுக்குத் திரும்பவில்லை. மிஞ்சினவர்களில் கடற்படை ஆட்களுக்குப் புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போக விடுப்பு கிடைத்தது. டிசம்பர் 31 சாயங்காலம் கைல் ஆஃப் லோகால்ஷ் துறைக்கு ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். வழக்கமான தபால் கப்பல் ஷீலாவில் எல்லோருக்கும் இடமில்லை. அதனால் ஸ்டார்னோவே கடற்படைத் தளத்திலிருந்து யோலராவை அனுப்பினார்கள். 1881இல் ஒரு பணக்காரரின் உல்லாசப் படகாகக் கட்டின கப்பல் அது, 189 அடி நீளம். உயிர்காக்கும் படகுகளில் 100 பேருக்குத்தான் இடம், மிதவைச் சட்டைகள் 80. ஏறினது ஏறக்குறைய 280 பேர். ராத்திரி ஏழரை மணி வாக்கில் கிளம்பியது.

ஜனவரி 1, அதிகாலை இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். ஸ்டார்னோவேயின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன. பையன்கள் மூட்டையைக் கட்டி, தம்பி தங்கைகளுக்கு வாங்கின பொம்மைகளை மேலே எடுத்து வைத்துத் தயாராக இருக்கிறார்கள். துறைமுக வாயிலுக்குக் கப்பல் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஸ்பைடர் என்ற மீன்பிடிப் படகில் இருந்தவர்கள் அதைக் கவனித்திருக்கிறார்கள், இது சரியான வழி இல்லையே என்று. கொஞ்ச நேரத்தில் ஹோம் முனையின் பாறைகளில் மோதியது. அந்தப் பாறைகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற பெயர் மிருகங்கள்.

அங்கே போய் நின்றபோது எனக்குப் புரியாமல் இருந்த ஒன்று புரிந்தது. படிக்கும்போது கரைக்கு இருபது கஜம் என்று போட்டிருந்ததை நான் நம்பவில்லை. அறுபது அடி, எங்கள் தெருவில் நாலு வீட்டு அகலம், அதற்குள் எப்படி 201 பேர் சாக முடியும்? நினைவுத்தூண் பக்கத்தில் நின்று கீழே பார்த்தால் தெரிகிறது. கரை என்று சொன்னாலும் மணல் இல்லை, நடந்து ஏறுகிற மாதிரி எதுவும் இல்லை, கத்தி கத்தியாக உடைந்த பாறை. அலை வந்து முட்டி, வெள்ளையாக எழும்பி, திரும்பிப் போகும்போது கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு போகிறது, அந்தச் சத்தம் அரைக்கிற சத்தம். நான் நின்றபோது தெற்கிலிருந்து வீசின காற்று, பெரிய காற்றுகூட இல்லை, குடை பிடிக்க முடியவில்லை அவ்வளவுதான். அன்றைக்கும் தெற்குக் காற்று, ஆனால் புயல். முழங்கால் வரை பூட்ஸ், தண்ணீர் குடித்தால் ஈயமாகக் கனக்கிற கடற்படைக் கோட்டு. நிறைய பேருக்கு நீந்தவும் தெரியாது. கடலில் பிழைப்பு நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

இறந்த 201 பேரில் 174 பேர் இந்த லூயிஸ் தீவுக்காரர்கள், 7 பேர் பக்கத்து ஹாரிஸ், 18 பேர் கப்பல் ஊழியர்கள், இன்னும் 2 பேர். பிழைத்தவர்கள் 79. அந்த 79இல் சுமார் 40 பேர் ஒரே ஒரு கயிற்றால் பிழைத்தார்கள். தீவின் வடக்கு முனையான நெஸ் பகுதியைச் சேர்ந்த ஜான் எஃப். மக்லௌட், படகு கட்டுகிற குடும்பம், எறிகயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு குதித்துக் கரையேறினார். அந்த மெல்லிய கயிற்றை வைத்துத் தடித்த வடம் ஒன்றைக் கரைக்கு இழுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். அலை அடிக்கும்போது பிடி விட்டவர் போனார்.

நினைவிடத்தில் வெண்கலத்தில் ஒரு கயிற்றுச் சுருளை வைத்திருக்கிறார்கள். நூறாவது ஆண்டையொட்டிச் செய்தது. எறியப்போகிறவன் கையில் சுற்றி வைத்திருக்கிற மாதிரி, வளையம் மேல் வளையம். குனிந்து பார்த்தேன். கயிற்றின் முறுக்குப் புரிகளுக்கு இடையே மழைத்தண்ணீர் தேங்கி இருந்தது, ஒரு வளையத்துக்குள் காய்ந்த சிறு பூங்கொத்து ஒன்று சொருகி இருந்தது, யாரோ சமீபத்தில் வந்திருக்கிறார்கள். தொட்டேன். சில்லென்று இருந்தது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், யாரும் வரவில்லை.

திரும்பும்போது மழை. சாயங்காலம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீனும் சிப்ஸும், பதினோரு பவுண்டு. மீன் நல்ல புது மீன், எண்ணெய் புதிதில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு. மூடிய ஊர்

ஞாயிறு எல்லாம் மூடி இருக்கும் என்று படித்திருந்தேன், ஆனால் இவ்வளவு என்று நினைக்கவில்லை. நான் பார்த்த கடையெல்லாம் மூடல், ஊர் பஸ் இல்லை, விளையாட்டுத் திடல்கூட வெறிச்சோடிக் கிடந்தது. நான் முதல் நாளே ரொட்டி வாங்கி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

காலையில் வெயில் அடித்ததால், நேற்றுச் சேற்றில் போன பேன்ட்டையும் சாக்ஸையும் அலசிப் பின்பக்கக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். பத்து நிமிஷம் கழித்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். கோட்டு, தொப்பி, கையில் வேதப்புத்தகம், கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். "மேடல், துணியை உள்ளே அடுப்புப் பக்கத்தில் போட்டிருக்கிறேன், இன்றைக்கு வெளியே போடுகிற வழக்கம் இல்லை" என்றார். மேடல் என்றால் செல்லமே என்பது மாதிரி. என் சாக்ஸை அந்த வயதில் அவர் கையால் எடுத்து உள்ளே காயப்போட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றுவிட்டு, மத்தியானம் தன்னோடு சாப்பிடச் சொன்னார்.

அவர் கூடவே கோயில் வாசல் வரை போய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கேலிக் சங்கீதப் பாட்டு. இசைக்கருவி எதுவும் இல்லை. ஒருவர் முதலில் ஒரு வரியை இழுத்துப் பாடுகிறார், உடனே மொத்தச் சபையும் அதை வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒரே மாதிரி இல்லை, ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குச் சுழித்து, முன்னே பின்னே வந்து சேர்கிறார்கள். பஜனை கேட்டுப் பழகின காதுக்கு அது அந்நியமாகவே இல்லை. ஒரு வார்த்தை புரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது.

மத்தியானச் சாப்பாடு பார்லி போட்ட ஆட்டுக்கறி சூப், உருளைக்கிழங்கு, உலர்திராட்சை போட்டு வேகவைத்த ஒரு கனமான இனிப்பு, டஃப் என்கிறார்கள். எல்லாம் சனிக்கிழமையே சமைத்தது, ஞாயிறு சூடு மட்டும் பண்ணுவார்கள். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அப்புறம் சாண்ட்விக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். கடலைப் பார்த்தபடி இருக்கிறது. போர்க்கல்லறைகளுக்கே உரிய ஒரே அளவு வெள்ளைக் கற்களில் "1 ஜனவரி 1919" என்ற தேதி திரும்பத் திரும்ப வருகிறது. போர் முடிந்து ஏழு வாரம் கழித்து வந்த தேதி. ஒரு கல்லில் வயது 19.

இன்னொரு கப்பலும் இந்தத் தோட்டத்தில் இருக்கிறது. நார்கே என்ற டேனிஷ் கப்பல், 1904 ஜூன் 28, அமெரிக்காவுக்குக் குடிபெயரப் போன டேன், நார்வே, ஸ்வீடன்காரர்கள், ரஷ்ய யூதர்கள் எல்லாம் ஏறினது. இங்கிருந்து மேற்கே வட அட்லாண்டிக்கில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிற ராக்கால் பாறையின் பக்கம் மோதி மூழ்கியது. 635 பேர் இறந்தார்கள். டைட்டானிக் வரைக்கும் அட்லாண்டிக்கில் பயணிகள் கப்பலுக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை. பிழைத்தவர்கள் திறந்த படகுகளில் நாட்கணக்கில், சிலர் எட்டு நாள் வரை மிதந்தார்கள். அவர்களில் ஒரு பெரும் பகுதியை வேறு கப்பல்கள் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டார்னோவேயில்தான் இறக்கின. அதற்குப் பிறகும் இங்கே வந்து இறந்தவர்கள் உண்டு, பெரும்பாலும் குழந்தைகள், அவர்களை இங்கேயே புதைத்தார்கள். தாய்மொழி புரியாத ஊரில், புது நாட்டுக்குக் கிளம்பின குழந்தைகள். டைட்டானிக் பெயர் தெரியாத ஆள் நம் ஊரில் இல்லை, நார்கே பெயரை நான் இந்தப் பயணத்துக்கு முன்னால் கேள்விப்பட்டதே இல்லை. அந்த ஊர்வாசிகள் அன்றைக்கு அந்த அகதிகளுக்கு உடுப்பும் சாப்பாடும் கொடுத்தவர்கள். பதினைந்து வருஷம் கழித்து அவர்கள் பிள்ளைகளே இந்த வாசலில் போனார்கள்.

செப்டம்பர் 25, திங்கள். நெஸ்

வடக்கு முனைக்குப் பஸ், ஒரு மணி நேரம். வழியெல்லாம் கரிமண் வெட்டின குழிகள், வெட்டின கட்டிகளைக் காயவைத்து எரிபொருளாக அடுக்கியிருக்கிறார்கள். எந்த வீட்டைத் தாண்டினாலும் அந்தப் புகை வாசம், சாணி வரட்டி எரிகிற வாசத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

கிராஸ் என்ற ஊரில் பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தில் நெஸ் வரலாற்றுச் சங்கம் இருக்கிறது, ஊர்க்காரர்களே 1977இல் ஆரம்பித்தது. மியூசியத்தோடு ஒரு சின்ன டீக்கடையும். ஸ்கோனும் டீயும் ஐந்து பவுண்டுக்குள். கவுன்டரில் இருந்த பெண்ணிடம் யோலரா பற்றிக் கேட்டதும் அடுத்த மேஜையிலிருந்த இரண்டு கிழவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்புறம் அதில் ஒருவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

அவர் சொன்னது டொனால்ட் மாரிசனின் கதை. நாக்கேர்ட் கிராமம், இருபது வயசுப் பையன், அம் பாட்ச் என்று ஊரில் பெயர். கப்பல் நழுவி மூழ்கியபோது மூன்று பேர் பாய்மரக் கம்பத்தில் தொற்றிக்கொண்டார்கள். விடிவதற்குள் இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள். இவர் மட்டும் ராத்திரி முழுக்க, ஜனவரி மாசத்துக் காற்றில், ஈரத் துணியோடு கட்டிப்பிடித்திருந்தார். விடிந்த பிறகுதான் படகு விட்டு இறக்கினார்கள். "கம்பத்திலிருந்து ஸ்டார்னோவே வீடுகளில் விளக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்" என்று கிழவர் சொன்னார். இரண்டாமவர் உடனே, "அது உனக்குத் தெரியாது, தெரிந்ததை மட்டும் சொல்" என்றார், கோபமாக இல்லை, கவனமாக. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அந்த ராத்திரியைப் பற்றி ஒரு சொல் கூடவோ குறையவோ சொல்லிவிடக் கூடாது என்கிற பயம் அவர்களுக்கு இன்னும் இருக்கிறது.

போர்ட் ஆஃப் நெஸ் துறை சின்னது, காலியாக இருந்தது. ஜான் மக்லௌட் ஊர் இதுதான். வருஷா வருஷம் நெஸ் ஆட்கள் சுலா ஸ்கேர் என்ற தனித்தீவுக்குப் போய்க் கடற்பறவைக் குஞ்சுகளைப் பிடித்து உப்புப் போட்டு எடுத்து வருவார்கள், குகா என்று பெயர், பறவைக் காய்ச்சலால் இந்த வருஷமும் போகவில்லை. அதைச் சாப்பிட்டுப் பார்க்கிற ஆசை நடக்கவில்லை.

அங்கிருந்து கலங்கரை விளக்கத்துக்கு நடந்தேன். பட் ஆஃப் லூயிஸ், 1862, வெள்ளை அடிக்காத சிவப்புச் செங்கல் கோபுரம். காற்று நிற்கவிடவில்லை. கடைசி பஸ் போன பிறகுதான் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தேன். இருட்ட ஆரம்பித்துவிட்டது, மழை. கையைக்கூடக் காட்டவில்லை, முதலில் வந்த காரே நின்றது. மீன் கூடைகளுக்கு நடுவில் நாய் ஒன்றோடு பின்சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்னோவே வரை வந்தேன், ஓட்டியவர் தன் வீட்டைத் தாண்டி இருபது மைலாவது கூடுதலாக வந்திருப்பார். பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கப் பார்த்தேன், முகத்தைச் சுளித்தார்.

செப்டம்பர் 26, செவ்வாய். கோபுரமும் கம்பங்களும்

முழங்கால் வீங்கியிருந்தது, மெதுவாகத்தான் நடந்தேன். ஊருக்கு மேலே குன்றில் போர் நினைவுக் கோபுரம், 85 அடி, 1924இல் திறந்தது. தீவின் நான்கு பகுதிகளும் தெரிகிற இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். எந்தக் கிராமத்துத் தாயும் தன் வாசலிலிருந்து இதைப் பார்க்கலாம் என்பதுதான் எண்ணமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று முழுக்க எனக்கு ஒரே கோபம். கப்பல் மூழ்கிப் பதினைந்து நாளே ஆன நிலையில், பல உடல்கள் கடலிலேயே இருக்கும்போது, உடைந்த கப்பலை விற்பனைக்கு என்று கடற்படைத் தலைமை விளம்பரம் செய்தது. தீவு கொதித்துப் போனது. பிப்ரவரியில் இதே ஊரில் நடந்த பொது விசாரணையில் ஏழு பேர் கொண்ட ஜூரி சொன்னது தெளிவாக இருக்கிறது: துறைமுகத்தை நெருங்கும்போது அதிகாரிகள் போதிய எச்சரிக்கையோடு இருக்கவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை, முன்பக்கம் பார்க்க ஆள் வைக்கவில்லை, ஏறின ஆட்களுக்குப் போதுமான படகும் மிதவையும் இல்லை, மோதின பிறகு காப்பாற்றுவதற்கான உத்தரவு எதுவும் வரவில்லை, கரையிலிருந்து மீட்புக் கருவி வந்து சேரவும் தாமதம். குடித்திருந்தார்கள் என்று ஊரில் கிளம்பின பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னார்கள். ஹோம் பக்கம் ஒரு விளக்கு வைக்கச் சொன்னார்கள். கப்பலின் அதிகாரிகள் எல்லோரும் இறந்துவிட்டதால் ஏன் திரும்பவில்லை என்பதற்கு இன்று வரை பதில் இல்லை. 280 பேரை ஏற்றுகிற கப்பலில் 80 மிதவைச் சட்டை என்று எழுதினபோது ஒருவருக்குமா உறுத்தவில்லை?

நாலு வருஷம் கழித்து, 1923 ஏப்ரலில், மெடகாமா என்ற கப்பல் இதே துறையிலிருந்து சுமார் 300 இளைஞர்களைக் கனடாவுக்கு ஏற்றிக்கொண்டு போனது. சராசரி வயது 22. போரும் கடலும் விட்டுவைத்ததை அந்தக் கப்பல் கொண்டுபோனது.

இருட்டினதும் கடற்கரைச் சாலைக்குப் போனேன். யோலராவின் வெளிக்கோட்டை அதே நீளத்தில், 280 மரக்கம்பங்களாக நட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கம்பம், தலையில் விளக்கு. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எண்ணி நடந்தேன். வேகமாகவே நடந்துவிட்டேன், அவ்வளவு சின்னக் கப்பல். இதிலா இத்தனை பேர் நின்றார்கள்? ஒரு கம்பத்தில் பாசி ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடியது.

செப்டம்பர் 27, புதன். கப்பல் இல்லை

காலை ஆறு மணிக்கு மெசேஜ்: புயல், இன்றைய பயணங்கள் ரத்து. மாற்று டிக்கெட் வாங்க ஒரு மணி நேரம் போனைக் காதில் வைத்திருந்தேன், மூன்று தடவை துண்டித்தது, நாலாவது தடவை எடுத்தவர் மறுநாளுக்கு மாற்றிக் கொடுத்தார். கடையில் வாழைப்பழம் தீர்ந்துவிட்டது, பாலும் சீக்கிரமே தீர்ந்துவிடும் என்றார்கள். தீவுக்கு வருகிற சாமானெல்லாம் பெரும்பாலும் கப்பலில்தானே.

ஒரு ராத்திரி கூடுதல் வாடகை கொடுக்கப் போனேன். வீட்டு அம்மா வாங்க மறுத்தார். "காற்றுக்கு நான் காசு வாங்குவதில்லை." மத்தியானம் உப்புப் போட்ட ஹெர்ரிங் மீனும் தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கும். கையால்தான் சாப்பிட வேண்டும் என்றார், நான் சாப்பிடுவதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நம் கருவாட்டுக்குப் பக்கத்துச் சொந்தம் அந்த மீன்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. அவராகத்தான் ஆரம்பித்தார், ஐந்து நாளில் முதல்முறையாக. அவருடைய பாட்டியின் தம்பி யோலராவில் வந்தவர். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அடுப்பை அணைக்கவில்லை. அவனுடைய உலர்ந்த சட்டையை நாற்காலி முதுகில் போட்டு நெருப்பு பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள், வந்ததும் மாற்றிக்கொள்ள. கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதும் ஊற்றுவதுமாக இருந்திருக்கிறது. விடிந்து ஒருவர் வாசலில் வந்து நின்றபோது, தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றதைப் பார்த்ததுமே பாட்டிக்குத் தெரிந்துவிட்டது. "சட்டையை என்ன செய்தார்கள்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் மேஜைத்துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "பாட்டி அதை எனக்குச் சொல்லவில்லை. இதைக்கூட எனக்கு அறுபது வயதானபோது என் அம்மா சொன்னதுதான். பாட்டி சாகிற வரைக்கும் அந்தக் கப்பலின் பெயர் வீட்டில் எழுந்ததில்லை."

பல வீடுகளில் அப்படித்தானாம். பிழைத்தவர்கள் பிழைத்ததைச் சொல்லவில்லை, ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பையன் பிழைக்கவில்லை. ஹோமில் நினைவுத்தூண் வைத்ததே 1958இல்தான்.

செப்டம்பர் 28, வியாழன். திரும்புதல்

கடல் இன்னும் முழுசாக அடங்கவில்லை, ஆனால் கப்பல் கிளம்பியது. காகிதத்தில் சுற்றின இரண்டு ரத்த புட்டிங் உருளைகளைக் கையில் கொடுத்து அனுப்பினார் அந்த அம்மா, ஒன்று எனக்கு, ஒன்று ஆபீஸ்காரருக்கு, அவர் எந்தக் கிராமம் என்று கேட்டு வைத்துக்கொண்டார். நான் வெளியே மேல்தளத்தில் நின்றேன். இந்த முறை பாறைகள் இடது பக்கம். கண்ணுக்குத் தெரிகிற வரை பார்த்தேன், இஞ்சி பிஸ்கட் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் பொட்டலத்தை அவர் மேஜையில் வைத்தேன். பிரித்து மோந்து பார்த்தார். ஹோம் போனாயா என்று கேட்டார். போனேன் என்றேன்.

"எந்தக் காற்று?"

"தெற்கு."

"அப்படியென்றால் அந்தக் கல் உருளுகிற சத்தம் கேட்டிருக்கும்" என்றார்.

கேட்டது என்றேன்.